டெட்ராய்ட்டைக் காப்பாற்றிய கதை

எந்த நாட்டில் எந்தக் கார் கம்பெனி தள்ளாடினாலும் 2009-ஐ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அமெரிக்க அரசு அன்று கைகொடுக்காமல் போயிருந்தால் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் மண்ணோடு மண்ணாகியிருக்கும், லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்திருப்பார்கள், அரசு துணிந்து இறங்கியது, கம்பெனிகள் பிழைத்தன, போட்ட பணமும் ஏறக்குறையத் திரும்பிவிட்டது. கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. 2012 தேர்தலில் ஜோ பைடன் மேடைக்கு மேடை, பின் லேடன் செத்துவிட்டான், ஜெனரல் மோட்டார்ஸ் உயிரோடு இருக்கிறது என்று முழங்கினார். அரசு தலையிட்டது என்பதால் இடதுசாரிகள் இந்தக் கதையை ஏற்கிறார்கள். நாளைக்குத் தங்களுக்கும் இதே உதவி வேண்டியிருக்கும் என்பதால் தொழிலதிபர்களும் ஏற்கிறார்கள். எதிரெதிர் முகாம்கள் இரண்டும் ஒரே கதையை நம்பிவிட்டால் அதைப் பிரித்துப் பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை.

நான் மறுப்பது இந்தக் கதையைத்தான். அரசு எதையும் செய்திருக்கக் கூடாது, சந்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என்ற வாதம் என்னுடையது அல்ல. 2008 கடைசியில் கடன் கொடுக்க வங்கி எதுவும் இல்லை. அரசுப் பணம் வராமல் போயிருந்தால் ஜெனரல் மோட்டார்ஸ் மட்டுமில்லை, அதற்கு உதிரிபாகம் செய்து கொடுத்த நூற்றுக்கணக்கான சிறு கம்பெனிகளும் விழுந்திருக்கும். அதே கம்பெனிகளிடம் பாகம் வாங்கிக்கொண்டிருந்த ஃபோர்டுக்கும் அடி விழுந்திருக்கும். அதனால்தான் தனக்கு உதவி வேண்டாம் என்று சொன்ன ஃபோர்டுகூட, போட்டிக் கம்பெனிகளுக்குக் கொடுங்கள் என்று நாடாளுமன்றத்தில் வந்து பேசியது. பணம் கொடுத்தது சரி. அந்தப் பணத்துக்கு என்ன கேட்டார்கள், யாரைக் காப்பாற்றினார்கள், எதைக் கைவிட்டார்கள் என்பதில்தான் என் சண்டை. பல பத்தாண்டுகளாகப் புதுமைக்கு முதுகைக் காட்டிய ஒரு நிர்வாகப் பழக்கத்தை வரிப்பணம் கொடுத்து அப்படியே நீடிக்க விட்டார்கள். அதற்கு வெற்றி என்று பெயர் வைத்தார்கள்.

பணம் திரும்பி வந்தது என்கிறார்களே, அதிலிருந்து தொடங்கலாம். 2010 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் எட் விட்டேக்கர் தொலைக்காட்சி விளம்பரத்தில் தொழிற்சாலைக்குள் நடந்துகொண்டே பேசினார். அரசுக் கடனை வட்டியோடு முழுவதுமாக, தவணைக்கு முன்பே கட்டிவிட்டோம் என்றார். கட்டியது 670 கோடி டாலர் கடன். கம்பெனிக்குள் போனதோ 4,950 கோடி டாலர். மீதியெல்லாம் பங்காக மாற்றப்பட்டுவிட்டதால் கடன் கணக்கிலேயே அது வராது. சரி, அந்த 670 கோடி எங்கிருந்து வந்தது? கார் விற்ற லாபத்திலிருந்து வரவில்லை. அரசே கொடுத்து, தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்திருந்த மீட்புப் பணத்திலிருந்து வந்தது. மீட்பு நிதியைக் கண்காணிக்க நியமிக்கப்பட்ட அதிகாரி நீல் பரோஃப்ஸ்கியே இதைச் சுட்டிக்காட்டினார். 2013 டிசம்பரில் அரசு தன் கடைசிப் பங்கையும் விற்று முடித்தது. இறுதியாகப் பார்த்தால் ஜெனரல் மோட்டார்ஸ் கணக்கில் மட்டும் ஏறக்குறைய 1,120 கோடி டாலர் நட்டம். இதில் சேராத இன்னொன்றும் உண்டு. ஒரு கம்பெனி திவாலாகிப் பெரும்பான்மைப் பங்கு கைமாறினால், அதன் பழைய நட்டத்தைக் காட்டிப் புதிய லாபத்துக்கான வரியைக் குறைத்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் கடுமையான வரம்பு வைத்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸுக்காக நிதித்துறை அந்த வரம்பைத் தளர்த்தியது. லாபம் வந்த ஆண்டுகளில் கட்டியிருக்க வேண்டிய வரி இப்படிப் பெருமளவு மிச்சமானது. ஏறக்குறையத் திரும்பிவிட்டது என்பவர்கள் இந்தச் சலுகையை எந்தப் பத்தியில் எழுதுகிறார்கள்?

ஆனாலும் பணம் பெரிதில்லை. இத்தனை குடும்பங்கள் நிம்மதியாகச் சோறு சாப்பிட்டிருந்தால் 1,120 கோடி டாலர் போனது போகட்டும் என்று நானே சொல்வேன். வேலைகள் காப்பாற்றப்பட்டன என்ற வாதத்துக்குத்தான் நேர்மையான பதில் வேண்டும்.

விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்றொரு ஊர். ஏறக்குறைய 90 ஆண்டுகள் அந்த ஊரே ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்தது. 2008 டிசம்பர் 19-ஆம் தேதி ஜார்ஜ் புஷ் முதல் தவணையாக 1,740 கோடி டாலரை இரண்டு கம்பெனிகளுக்கும் அறிவித்தார். அதற்கு நான்கு நாள் கழித்து, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பாக, ஜேன்ஸ்வில்லின் அசெம்பிளி லைன் நின்றது. மூடும் முடிவு முன்பே எடுத்தது என்று சமாதானம் சொல்லலாம். உண்மைதான். ஆனால் 2009-இல் அரசு முக்கியப் பங்குதாரர் ஆகிக்கொண்டிருந்த நேரத்தில், சிறிய கார் ஒன்றை எங்கே தயாரிப்பது என்று கம்பெனி மாநிலங்களுக்கிடையே போட்டி வைத்தது. ஜேன்ஸ்வில் சலுகைகளை அள்ளிக் கொடுக்க முன்வந்தும் தோற்றது, மிச்சிகன் வென்றது. மீட்கப்பட்ட கம்பெனி, மீட்ட மக்களையே ஒருவருக்கொருவர் ஏலம் கேட்க வைத்தது.

டெல்ஃபை என்ற உதிரிபாகக் கம்பெனி 1999 வரை ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவாக இருந்தது. அதன் ஓய்வூதியத் திட்டம் 2009-இல் அரசுக் காப்பீட்டு வாரியத்தின் தலையில் விழுந்தது. பெரிய யூனியன்களில் இருந்தவர்களுக்கு விடுபட்ட தொகையைப் புதிய ஜெனரல் மோட்டார்ஸ் ஈடுகட்டியது. யூனியனில் இல்லாத அலுவலகப் பணியாளர்கள், பொறியாளர்கள், மேற்பார்வையாளர்கள் சுமார் 20,000 பேருக்கு ஈடு எதுவும் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரே கூரையின் கீழ் உழைத்தவர்களில் ஒரு சாராருக்கு முழு ஓய்வூதியம், மற்றவர்களுக்கு வெட்டு. அவர்கள் பத்தாண்டுக்கு மேல் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார்கள்.

வேலையில் தொடர்ந்தவர்களின் கதி என்ன? புதிதாகச் சேருபவருக்கு மணிக்கு 14 டாலர் அளவில் தொடங்கும் இரண்டடுக்குச் சம்பளம் 2007-இலேயே நுழைந்துவிட்டது. மீட்பு அதை ஊன்றி நிறுத்தியது. ஒரே லைனில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே கதவை மாட்டும் இரண்டு பேரில் ஒருவருக்கு மற்றவரின் பாதிச் சம்பளம். வேலைநிறுத்த உரிமையையும் 2015 வரை யூனியன் அடகு வைக்க வேண்டியிருந்தது. அந்த அடுக்கை உடைக்க 2023-இல் ஆறு வாரம் போராட வேண்டியிருந்தது. போராட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் ஜெனரல் மோட்டார்ஸ் 1,000 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கப்போவதாக அறிவித்தது. தொழிலாளிக்குக் கொடுக்கப் பணமில்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த அதே நிர்வாகம்தான் இது.

ஃப்ரீமான்ட் தொழிற்சாலையின் கதையை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். என் வாதம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் இருந்த அந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை அமெரிக்காவிலேயே மோசமானது என்று பெயர் வாங்கியிருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். வந்தவர்கள் குடித்துவிட்டு நிற்பார்கள். நிர்வாகத்துக்கு எதிரான முறையீடுகள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. 1982-இல் மூடினார்கள். தொழிலாளிகள் உருப்படாதவர்கள், யூனியன்தான் கெடுத்தது என்பது அன்றைய ஒருமித்த தீர்ப்பு. 1984-இல் அதே கட்டடத்தை டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாகத் திறந்தன. நம்மி என்று பெயர். நிர்வாகம் டொயோட்டாவின் பொறுப்பு. தொழிலாளிகளில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், யூனியனும் அதேதான். அவர்களில் பலரை ஜப்பானுக்கு அனுப்பி டொயோட்டாவின் தொழிற்சாலையில் வேலை பழக்கினார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸில் அசெம்பிளி லைனை நிறுத்துவது பெரும் குற்றம். போல்ட் தப்பாக ஏறியிருந்தாலும், கதவு கோணலாக இருந்தாலும் வண்டி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், பிறகு வெளியே நிறுத்திப் பழுது பார்த்துக்கொள்ளலாம். நம்மியில் ஒவ்வொரு தொழிலாளியின் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கியது. தவறு கண்ணில் பட்டால் இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார், திட்டுவதற்கு அல்ல, என்ன உதவி வேண்டும் என்று கேட்பதற்கு. அங்கேயே சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். ஆண்டு இரண்டு ஆவதற்குள் அந்த உருப்படாத தொழிலாளிகள் ஜெனரல் மோட்டார்ஸிலேயே மிகச் சிறந்த தரத்தில் கார் செய்தார்கள். வேலைக்கு வராமல் போவது அரிதாகிவிட்டது. கட்டடம் மாறவில்லை, கைகள் மாறவில்லை, யூனியன் மாறவில்லை. மாறியது நிர்வாகம் ஒன்றுதான்.

தன் வீட்டுக்குள்ளேயே இந்தப் பாடசாலையை வைத்துக்கொண்டு ஜெனரல் மோட்டார்ஸ் 25 ஆண்டுகளில் மற்றத் தொழிற்சாலைகளுக்கு அதை எடுத்துப்போகத் திணறியது. கயிறு கட்டினார்கள், இழுத்தால் மேலாளர் முறைத்தார். பிறகு 2009 ஜூன் வந்தது. வரிப்பணத்தில் மறுபிறவி எடுத்துக்கொண்டிருந்த கம்பெனி முதலில் உதறிய சுமைகளில் ஒன்று நம்மி. டொயோட்டாவும் தனியே நடத்த மனமில்லாமல் விலகியது. 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி கடைசிக் கொரோலா லைனிலிருந்து இறங்கியது. சுமார் 4,700 பேருக்கு வேலை போனது. அரசு பெரும்பான்மைப் பங்கு வைத்திருந்த கம்பெனியின் கணக்கில், அமெரிக்கத் தொழிலாளியால் உலகத் தரத்தில் கார் செய்ய முடியும் என்று நிரூபித்த தொழிற்சாலைக்கு இடமில்லை.

அடுத்த மாதமே அந்தத் தொழிற்சாலையை 4.2 கோடி டாலருக்கு வாங்க டெஸ்லா முன்வந்தது. 2012-இல் அங்கிருந்து மின்சாரக் கார்கள் இறங்கின. அதே ஆலையில் பிறகு 20,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிலை வந்தது. டெஸ்லாவைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே யூனியன் இல்லை. 2010-இல் வேலையிழந்த நம்மி தொழிலாளிகளில் சிறு பகுதியினரைத் தவிர யாரும் உள்ளே போகவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் வீட்டுக் கடனுக்கும் மருத்துவச் செலவுக்கும் என்ன செய்தார்கள் என்று எந்த மீட்புத் திட்டமும் கேட்கவில்லை. தொழில் வேறு, கம்பெனி வேறு என்பதற்குச் சாட்சியாகத்தான் இதைச் சொல்கிறேன். தொழில் என்பது கட்டடமும் கருவியும் கைத்திறனும் அதைச் சுற்றிய சிறு கம்பெனிகளும். கம்பெனி என்பது அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் ஓர் உரிமைப் பத்திரம். பத்திரம் கைமாறினாலும் தொழில் வாழும். அரசு பத்திரத்தைக் காப்பாற்றிவிட்டு, கைத்திறனைத் தெருவில் விட்டது.

இந்தக் கம்பெனிகளுக்குப் புதுமை தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்தே ஒதுக்கினார்கள், அதுதான் எனக்குக் கோபம். 1993-இல் பில் கிளிண்டன் அரசு டெட்ராய்ட்டின் மூன்று கம்பெனிகளோடும் கூட்டுச் சேர்ந்து, காலனுக்கு 80 மைல் போகும் குடும்பக் கார் செய்யத் திட்டம் போட்டது. லிட்டருக்குச் சுமார் 34 கிலோமீட்டர். அரசுப் பணம் மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் போனது. 2000-இல் மூன்று கம்பெனிகளும் இலக்கை நெருங்கும் மாதிரி வண்டிகளைக் காட்டின. ஒன்றும் கடைக்கு வரவில்லை. அந்தக் கூட்டில் சேர்க்கப்படாத டொயோட்டாதான், அமெரிக்கா முந்திக்கொள்ளுமோ என்ற பதற்றத்தில் ஹைபிரிட் வேலையை முடுக்கி, 1997-இல் ஜப்பானில் பிரியஸை விற்பனைக்கு இறக்கியது. ஜெனரல் மோட்டார்ஸிடம் 1996-இலேயே ஈவி1 என்ற மின்சாரக் கார் இருந்தது. 1,117 வண்டிகள் செய்து குத்தகைக்கு விட்டார்கள். ஓட்டியவர்கள் விலைக்குக் கொடுங்கள் என்று கெஞ்சியும் கேளாமல் திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நசுக்கினார்கள். பெரிய எஸ்யூவியிலும் பிக்கப்பிலும் கிடைத்த லாபம் அப்போது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த லாபத்துக்கும் அரசுதான் காவல். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பா வரி போட்டது. பதிலடியாக 1964 முதல் வெளிநாட்டுச் சரக்கு வண்டிகளுக்கும் பிக்கப்புகளுக்கும் அமெரிக்கா 25 சதவீத வரி விதித்தது. கோழிச் சண்டை மறந்துபோய் அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் வரி அப்படியே நிற்கிறது. சாதாரணக் காருக்கு நெடுங்காலம் 2.5 சதவீதம், பிக்கப்புக்கு 25 சதவீதம். இந்தச் சுவருக்குப் பின்னால் சுகமாக இருக்கப் பழகியவர்கள் சிறிய காரில் தலையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். ஃபோர்டு இந்தச் சுவரைத் தானே தாண்டிய விதத்தைப் பாருங்கள். டிரான்சிட் கனெக்ட் என்ற தன் வேனைத் துருக்கியில் செய்து, 2009 முதல் 2013 வரை, பின் இருக்கைகள் பொருத்தியே கப்பலில் ஏற்றியது. துறைமுகத்தில் அது பயணிகள் வண்டி, 2.5 சதவீத வரி. சுங்கம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு வேனாக விற்றார்கள். 2024-இல் இந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ள ஃபோர்டு 36.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பொறியாளர்களின் மூளையை எதில் செலவழிக்க வைத்தது இந்தப் பாதுகாப்பு என்பதற்கு, கழற்றி எறிவதற்கென்றே செய்த அந்த இருக்கைகளைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எரிபொருள் சிக்கன விதியிலும் இதே கதைதான். கார்களுக்கான அளவு 1990 முதல் 2010 வரை காலனுக்கு 27.5 மைலிலேயே நின்றது. அசைய விடாமல் பார்த்துக்கொண்டவர்கள் டெட்ராய்ட்டின் கம்பெனிகளும் அவர்களுக்காக நாடாளுமன்றத்தில் வாதாடியவர்களும்.

மீட்புக்குப் பிறகு திருந்திவிட்டார்கள் என்கிறார்கள். 2011 ஜூலையில் பராக் ஒபாமா 2025-க்குள் காலனுக்கு 54.5 மைல் என்ற புதிய இலக்கை அறிவித்தபோது 13 கார் கம்பெனிகள் கூட நின்றன. அரசுப் பங்கு இன்னும் முழுமையாகக் கைமாறாத காலம் அது. 2017-இல் ஆட்சி மாறி மூன்றே வாரத்தில் அந்த விதியை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கம்பெனித் தலைவர்கள் டொனால்டு டிரம்புக்குக் கடிதம் எழுதினார்கள். 2019-இல் கலிஃபோர்னியா தன் காற்றைக் காப்பாற்றத் தனி விதி வைத்திருக்கும் உரிமையை மத்திய அரசு பறிக்க வந்தது. ஃபோர்டும் ஹோண்டாவும் ஃபோக்ஸ்வாகனும் பிஎம்டபிள்யூவும் கலிஃபோர்னியாவோடு உடன்பாட்டுக்கு வந்தன. ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரின் புதிய உருவமான ஃபியட் கிரைஸ்லரும் டிரம்ப் அரசின் பக்கம் நின்று வழக்கில் சேர்ந்தன. வரிப்பணத்தில் உயிர்பிழைத்த இரண்டு கம்பெனிகளும், அந்த வரியைக் கட்டிய மக்களின் காற்றுக்கு எதிராக நீதிமன்றம் போயின. 2020 நவம்பரில் டிரம்ப் தோற்ற பிறகுதான் ஜெனரல் மோட்டார்ஸ் விலகியது. திருந்தியவர்கள் தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டு திருந்துவார்களா?

மீட்பு ஒப்பந்தத்தில் புதுமைக்கென்று எழுதிய நிபந்தனை கொஞ்சம் உண்டு. கிரைஸ்லரை எடுத்த ஃபியட், காலனுக்கு 40 மைல் போகும் காரை அமெரிக்காவில் செய்துகாட்டினால் கூடுதலாக 5 சதவீதப் பங்கு கிடைக்கும். டாட்ஜ் டார்ட் என்ற கார் வந்தது, ஆய்வகக் கணக்கில் 40-ஐத் தொட்டது, 2012 தொடக்கத்தில் பங்கும் கைக்கு வந்தது. 2016-இல் டார்ட்டை நிறுத்திவிட்டு ஜீப்பிலும் பிக்கப்பிலும் கவனம் செலுத்தப் போய்விட்டார்கள். செய்துகாட்டு என்றார்கள், செய்துகாட்டினார்கள். தொடர்ந்து செய் என்று எழுதியிருக்க வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸில் அரசுக்கு 60.8 சதவீதப் பங்கு இருந்தது. கனடா அரசுகளிடம் 11.7, தொழிலாளர் மருத்துவ நிதியிடம் 17.5. பொதுமக்களும் தொழிலாளிகளும் சேர்ந்து பத்தில் ஒன்பது பங்கு. அப்படியொரு வாய்ப்பு அமெரிக்கத் தொழில் வரலாற்றில் அரிது. ஆனால் கம்பெனியை நடத்தும் எண்ணம் தமக்கில்லை என்று ஒபாமா முதல் நாளே தெளிவுபடுத்திவிட்டார். தலைவர் ரிக் வேகனரை அனுப்பினார்கள், பான்டியாக், சாட்டர்ன், ஹம்மர் என்று பிராண்டுகளைக் கழித்தார்கள், பங்கு விலை ஏறும் நாளுக்குக் காத்திருந்தார்கள். அரசு ஒரு முதலீட்டு வங்கியைப் போல நடந்துகொண்டது. முதலீட்டு வங்கிக்கு அந்த 60.8 சதவீதம் ஒரு சொத்து. அரசுக்கு அது ஒரு பொறுப்பு.

இந்த மறுபிறவியின் இன்னொரு விளைவை மறக்க முடியவில்லை. கோபால்ட் முதலிய சிறிய கார்களில் சாவி போடும் சுவிட்ச் பழுதானது. ஓடும்போதே இன்ஜின் அணையும், விபத்தில் ஏர்பேக் விரியாது. கம்பெனிக்குள் பலருக்கு ஆண்டுக்கணக்கில் தெரிந்திருந்தும் 2014-இல்தான் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், சுமார் 26 லட்சம். 124 சாவுகளுக்கு அந்தச் சுவிட்ச்தான் காரணம் என்று கம்பெனியின் இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது. ஆனால் நீதிமன்றத்தில் கம்பெனி வைத்த வாதம் வேறு: 2009 ஜூலை 10-க்கு முன் நடந்தவற்றுக்குத் திவாலான பழைய கம்பெனிதான் பொறுப்பு, நாங்கள் புதிய கம்பெனி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் அதை ஏற்கவில்லை. 40 நாளில் அவசரமாக முடித்த திவால் நடவடிக்கையில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு எதிராக இப்படியொரு கேடயம் இருக்கிறது என்பதை வரைந்தவர்கள் யோசித்தார்களா என்று தெரியவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

சரி, வேறு என்ன செய்திருக்கலாம்? அதே 2009 பிப்ரவரியில் சுவீடன் அரசிடம் இதே கேள்வி வந்தது. ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான சாப் மூழ்கிக்கொண்டிருந்தது. வரி செலுத்துபவர்கள் கார் தொழிற்சாலைக்கு உரிமையாளர் ஆக விரும்பவில்லை என்ற நிலையை அமைச்சர் மவுட் ஓலோஃப்சன் எடுத்தார். புதிய உரிமையாளர் வந்த பிறகு கடனுக்கு உத்தரவாதம் மட்டும் கொடுத்தார்கள். 2011 டிசம்பரில் சாப் திவாலானது. சாப் தொழிற்சாலை இருந்த ட்ரோல்ஹாட்டன் ஊருக்கு அது பெரிய அடி, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வேலையிழப்பவருக்கு வேலையில்லாக் காலக் காப்பீடும், அடுத்த வேலைக்குப் பயிற்சியும் வழிகாட்டலும் கொடுக்கும் அமைப்புகளும் ஏற்கெனவே இருந்தன. முதலாளிகளும் யூனியன்களும் சேர்ந்தே நடத்தும் அமைப்புகள் அவை. மருத்துவம் கம்பெனியைச் சார்ந்ததே இல்லை. சுவீடனின் தொழிற்சங்கங்கள் 1950-கள் முதல் பிடித்துக்கொண்டிருக்கும் கொள்கை இது: பழுத்த கம்பெனி உதிரட்டும், தொழிலாளியை அடுத்த கிளைக்கு ஏற்றிவிடும் பொறுப்பு நாட்டினுடையது. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் கம்பெனியின் கழுத்தில் கட்டப்பட்டிருந்தன. அதனால் கம்பெனியைக் காப்பாற்றாமல் மனிதரைக் காப்பாற்ற முடியாது என்று தோன்றியது. அவிழ்த்திருக்க வேண்டிய முடிச்சு அதுதான். அதை விட்டுவிட்டு முடிச்சின் மேலேயே பணத்தைக் கொட்டினார்கள்.

புதுமைக்கு அரசுப் பணம் வேண்டாம் என்பதும் இல்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எரிபொருள் சிக்கன வண்டிகளுக்கென்றே எரிசக்தித் துறை கடன் கொடுத்தது. ஃபோர்டு 590 கோடி டாலர் வாங்கியது. டெஸ்லாவுக்கு 2010-இல் 46.5 கோடி, 2013-இல் வட்டியோடு கட்டி முடித்தது. ஃபிஸ்கர் என்ற கம்பெனி வாங்கியதைத் திருப்பாமல் விழுந்தது, அரசுக்கு நட்டம். விழட்டும். புதியதைச் செய்துபார்த்து நொடித்துப்போன நட்டமும், பழையதையே செய்துகொண்டிருக்கக் கொடுத்த நட்டமும் ஒன்றாகாது. ஜெனரல் மோட்டார்ஸ் என்ற ஒரே கம்பெனியில் போன பணத்தில், டெஸ்லா வாங்கியதைப் போல இருபதுக்கும் மேற்பட்ட கடன் கொடுத்திருக்கலாம்.

கிரைஸ்லரின் 1980 மீட்பை நீட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 150 கோடி டாலருக்கு அரசு உத்தரவாதம், கம்பெனித் தலைவர் லீ ஐயக்கோக்கா, 1983-இலேயே கடன் அடைப்பு, அரசுக்கு லாபம். எல்லாம் உண்மை. மினிவேன் என்ற புதிய வண்டியையும் கொண்டுவந்தார்கள், அதற்கு மரியாதை உண்டு. ஆனால் 1981 முதல் ஜப்பானியக் கார்களின் வரவுக்கு அமெரிக்கா உச்சவரம்பு வைக்கச் செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2008-இல் அதே கிரைஸ்லர் அதே வாசலில் திரும்ப வந்து நின்றதையும் சொல்லுங்கள்.

இது அமெரிக்காவின் பழங்கதை, நமக்கென்ன என்று இருக்க முடியாது. மறைமலை நகரில் 1990-களில் சலுகைகளோடு வரவேற்ற ஃபோர்டு, 2021-இல் கிளம்புகிறோம் என்றது. 2022-இல் லைன் நின்றபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளிகள் இழப்பீட்டுத் தொகைக்காக வாசலில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கும், ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஃபோர்டை நம்பிப் பாகம் செய்தவர்களுக்கும் அந்தப் பேச்சுவார்த்தையில் நாற்காலியே இல்லை. 2025 அக்டோபரில் அதே ஆலையில் இன்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஃபோர்டு தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. வரட்டும். மறுபடி கிளம்பினால் யாருக்கு என்ன, எத்தனை மாதத்துக்கு, யார் கொடுப்பது என்பதை வரும்போதே எழுதி வாங்க வேண்டும். கிளம்பிய பிறகு கேட்டால் கிடைக்காது என்பது மறைமலை நகரில் தெரிந்துவிட்டது.

மீட்பு இப்போது பெட்டி பெட்டியாகப் பணம் கொடுக்கும் உருவத்தில் வருவதில்லை. விதியைத் தளர்த்தும் உருவத்தில் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் எட்ட வேண்டிய கரியமில வாயு இலக்கை, மூன்றாண்டுச் சராசரியில் எட்டினால் போதும் என்று கார் கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில், 2035-க்குள் புதிய கார்களின் புகையை முழுவதுமாக ஒழிப்பது என்றிருந்த சட்டத்தை 90 சதவீதமாகக் குறைக்க ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. அமெரிக்காவில் 2025 ஜூலைச் சட்டம் எரிபொருள் சிக்கன விதியை மீறினால் கட்ட வேண்டிய அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. செப்டம்பரோடு மின்சாரக் காருக்கான வரிச்சலுகையும் முடிந்தது. அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மின்சாரக் கார்த் திட்டங்களைச் சுருக்குவதற்காக 160 கோடி டாலரை நட்டமாக எழுதியது. சீனாவிலோ இன்று விற்கும் புதிய கார்களில் ஏறக்குறையப் பாதி, மின்சாரத்திலோ மின்சாரமும் பெட்ரோலும் கலந்தோ ஓடுகின்றன.

இந்தத் தளர்வுகளை வேலைகளின் பெயரால்தான் கேட்டு வாங்கினார்கள். அப்படியானால் எந்தத் தொழிற்சாலை, எத்தனை ஆண்டுக்குத் திறந்திருக்கும்? மூடினால் கருவிகளோடு அதை ஊருக்கோ தொழிலாளர் கூட்டுறவுக்கோ புதிதாக வருபவருக்கோ ஒப்படைப்பார்களா? தளர்வு இருக்கும் வரை பங்குகளைத் திரும்ப வாங்கமாட்டோம் என்று கையெழுத்துப் போடுவார்களா? எந்த ஆண்டுக்குள் என்ன வண்டி, செய்யாவிட்டால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? 2009-இல் 60.8 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காமல் விட்ட கேள்விகள் இவை. பிரஸ்ஸல்ஸிலும் வாஷிங்டனிலும் இந்த முறையும் கேட்கவில்லை.